நாலாவது தடவை

யுஸ்தினாக்கா தன் வாழ்நாளில் எப்படியும் ஏழாயிரம் தடவை வெளிநாடு போய் வந்திருப்பாள். சும்மா அடித்துவிடவில்லை. ஒரு மழைநாளில் கடைக்கு ஆள் வராதபோது தாளில் எழுதிப் பெருக்கிப் பார்த்தேன். ஏழாயிரம் தடவை போனவள் வெனிஸைப் பார்த்ததில்லை. ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரம். பக்கத்தில் இருக்கிற திரியெஸ்த் துறைமுகத்தைக்கூட ஒரே ஒரு முறைதான் பார்த்தாள், அதுவும் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது. அவளுடைய வெளிநாடு எங்கள் ஊர்த் திராட்சைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே நீலக் கதவு வைத்த ஒரு வீடு. அந்த வீட்டில் அவளுடைய அக்கா அல்பினா.

என் பெயர் செவெரின். கோரிட்சா நகரத்துக்குக் கிழக்கே, பழைய சோதனைச் சாவடிக்கு இரண்டு கட்டடம் தள்ளி, என் அப்பா ஆரம்பித்த புகைப்படக் கடையில் ஐம்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணப் படமும் எடுப்போம், ஞானஸ்நானப் படமும் எடுப்போம். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததெல்லாம் சின்னச் சதுரப் படங்களால்தான். எல்லையோரத்தில் மனிதனுடைய முகத்துக்கு எப்போதும் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். அரசாங்கம் மாறும், கொடி மாறும், முத்திரை மாறும், மறுபடி எல்லோரும் தலையை வாரிக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்காருவார்கள். என் அலமாரியில் ஒரே மூக்கு மூன்று அரசாங்கங்களுக்காக வயதாகிக்கொண்டு வருவதை நீங்கள் பார்க்கலாம். சில மத்தியானங்களில் வேலை இல்லாமல் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே சோச்சா ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வரும். அந்த முகங்கள் எல்லாம் ஏதோ ஒரு ரயிலுக்காகக் காத்திருக்கிறவர்கள் போலவே எனக்குத் தோன்றும்.

யுஸ்தினாக்கா முதன்முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு மூன்று. அதற்கு முந்தின கதையை ஊரே சொல்லும்.

நாற்பத்தேழாம் வருஷம் செப்டம்பர். திராட்சை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒன்பது வயது அல்பினாவை, அறுப்புக்கு ஒத்தாசையாக மூன்று நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று, தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் நாள் சிப்பாய்கள் ஒரு வரைபடத்தோடும் ஒரு வாளி சுண்ணாம்போடும் வந்தார்கள். தோட்டத்தின் நடுவே வெள்ளைக் கோடு போட்டார்கள். மறுநாள் காலையில் சித்தி வீடு இத்தாலியில் இருந்தது, இவர்கள் வீடு யூகோஸ்லாவியாவில். பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ள அவகாசம் கொடுக்காமல் இல்லை. இவர்களுடைய அப்பா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க நின்று யோசித்தார். சித்திக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு எந்தப் பக்கம் சோறு கிடைக்கும் என்றும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், "இருக்கட்டும். அந்தப் பக்கமும் நமக்கு ஒரு கால் இருக்கட்டும்" என்றாராம். அந்த மனிதர் செத்து நாற்பது வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் போகவில்லை. பெற்ற பிள்ளையைப் போய்க் கால் என்று சொல்லலாமா?

மூன்று நாள் அறுப்புக்குப் போன அல்பினா திரும்பி வரவே இல்லை. அடுத்த எட்டு வருஷம் அக்கா தங்கை இருவரும் ஒருவரையொருவர் இருநூறு அடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டார்கள். கோட்டைத் தாண்டிப் பேசுவது குற்றம். கையசைத்தாலும் காவலாளி முறைப்பான். அதனால் தினமும் காலை பத்து மணிக்கு யுஸ்தினா தோட்டத்து ஓரத்தில் வந்து மேஜை விரிப்பை உதறுவாள். அந்தப் பக்கம் அல்பினாவும் ஒரு விரிப்பை உதறுவாள். துணி உதறுவதை எந்த அரசாங்கம் தடுக்க முடியும்? இரண்டு வீட்டிலும் ரொட்டித்துணுக்கே இல்லாத மேஜை விரிப்புகள் எட்டு வருஷம் உதறப்பட்டன.

ஐம்பத்தைந்தில் இரண்டு நாடும் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. எல்லையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஓர் அனுமதி அட்டை. மடக்கிப் பையில் வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும், இரண்டு மொழியில் எழுதியிருக்கும், உள்ளே படம். அதை வைத்துக்கொண்டு மாதத்துக்கு நாலு தடவை போய் வரலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு முத்திரை. யுஸ்தினாவின் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அல்பினாவின் சமையலறைப் புகை தெரியும். ஆனாலும் தோட்டத்துக்கு நடுவே போகக் கூடாது. சைக்கிளில் சுற்றிக்கொண்டு சாவடி வழியாகத்தான் போக வேண்டும். மூன்று கிலோமீட்டர்.

இந்த நாலு தடவை என்பது எங்கள் ஊரில் எப்படிப் புழங்கியது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மூன்று தடவையை நினைத்தபடி செலவழிக்கலாம். காப்பித்தூள் வாங்கவோ, துணி சோப்பு வாங்கவோ, சொந்தக்காரர் வீட்டுக்கோ போகலாம். நாலாவதை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அது சாவுக்கும் பிறப்புக்கும் உரியது. மாசக் கடைசி நாள் வரை அதை அப்படியே வைத்திருந்து, ஒன்றும் நடக்கவில்லை என்றால் அன்றைக்குப் போய்ச் செலவழித்துவிட்டு வருவார்கள். ஒவ்வொரு மாதமும் முப்பதாம் தேதி சாவடியில் திருவிழாக் கூட்டம் நிற்கும். ஒவ்வொரு தடவை விடைபெறும்போதும் அல்பினா தங்கையிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எத்தனை பாக்கி?"

"ரெண்டு பாக்கி, அக்கா."

"நாலாவதைத் தொட்டுறாதே."

நீலக் கதவுக்கு உள்ளே ஒரு பெஞ்சு இருந்தது. அதன் அடியில் அல்பினா தங்கைக்கென்று ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு தைத்து வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுக்கிற வீட்டுச் செருப்பைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். விருந்தாளிக்கு ஏதாவது ஒரு செருப்பு கிடைக்கும். உனக்கென்று ஒரு ஜோடி இருக்கிற வீட்டில் மட்டும் நீ விருந்தாளி இல்லை. அந்தச் செருப்பு தேயத் தேய அல்பினா புதிதாகத் தைப்பாள், எப்போதும் பச்சை நிறத்தில். யுஸ்தினா இடது காலை லேசாக இழுத்து நடப்பாள், சின்ன வயதில் வண்டியிலிருந்து விழுந்ததால். அதனால் இடது செருப்பின் அடியில் மட்டும் இரட்டைத் தையல் இருக்கும்.

யுஸ்தினா மரச்சாமான் தொழிற்சாலையில் மெத்தை தைக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. மலைப்பக்கத்து இரும்பாலையில் வேலை பார்த்த ஒருவர், நல்ல மனிதர், இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து போனார். அவரோடு போனால் நல்ல வீடு, நல்ல சம்பளம். ஆனால் எல்லையோரத்தை விட்டுக் குடிபோனால் அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். "நீங்க இங்க வந்துடுங்க" என்றாள் அவள். "இங்க இரும்பாலை எங்க இருக்கு?" என்றார் அவர். அதோடு முடிந்தது. யாராவது இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஆளும் நல்ல ஆளுதான். அட்டைதான் கொஞ்சம் கூட நல்லா இருந்துச்சு" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அறுபத்து மூன்றாம் வருஷம் மே மாதம் நடந்ததை நானே பார்த்தேன். எனக்குப் பத்து வயது. அல்பினாவுக்கு அப்போது கல்யாணமாகி முதல் குழந்தை உண்டாகியிருந்தது. ஜூன் நடுவில் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஜூனில் புதிதாக நாலு தடவை வந்துவிடுமே என்று யுஸ்தினா தைரியமாக இருந்தாள். மே மாதம் அவளிடம் ஒன்று பாக்கி இருந்தது. தொழிற்சாலையில் நடன விழா. எல்லைக்கு அந்தப் பக்கம் கோரிட்சா கடைவீதியில், ஒரு கண்ணாடிக்குப் பின்னால், வெள்ளை ஷூ ஒரு ஜோடி வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயது. போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்கு நாலாம் நாள் குழந்தை முந்திக்கொண்டு பிறந்தது. ஒரு ராத்திரிதான் உயிரோடு இருந்தது. விசேஷ அனுமதி கேட்டு எழுதிப் போடலாம், பதில் வர ஐந்து நாள் ஆகும். அடக்கம் மறுநாளே. சேதி எப்படியோ கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் தோட்டத்து ஓரத்தில் போய் நின்றோம். நீலக் கதவு திறந்தது. சின்னப் பெட்டி, ஒருவரே தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அல்பினா. யுஸ்தினாக்கா விழா ஒத்திகையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள், காலில் அந்த வெள்ளை ஷூ. முந்தின நாள் மழை பெய்திருந்தது. அவள் சேற்றில் நின்றாள். அல்பினா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், முதலில் தங்கையின் முகத்தை, பிறகு காலை. அவ்வளவுதான். அந்த ஷூவை அதற்குப் பிறகு ஊரில் யாரும் பார்க்கவில்லை.

அல்பினா ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த மாதம் முதல் தேதி யுஸ்தினா போனபோது செருப்பை எடுத்துக் கொடுத்தாள், காப்பி போட்டாள், கிளம்பும்போது, "எத்தனை பாக்கி?" என்றாள். பின்னால் அவளுக்கு நேவா என்று ஒரு பெண் பிறந்து நன்றாக வளர்ந்தாள். பல வருஷம் கழித்து எண்ணிக்கையும் போயிற்று, எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். நாடு உடைந்தது, புது நாடு பிறந்தது, புதுப் பாஸ்போர்ட் வந்தது. எல்லாவற்றுக்கும் யுஸ்தினாக்கா என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அல்பினா மட்டும் அந்தக் கேள்வியை விடவே இல்லை. வேடிக்கையாகக் கேட்பாள். தங்கையும் வேடிக்கையாக, "ஒண்ணு பாக்கி இருக்கு, பத்திரமா வச்சிருக்கேன்" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடாது.

இரண்டாயிரத்து ஏழு டிசம்பரில் சாவடியை எடுத்துவிட்டார்கள். தடுப்புக் கம்பை அறுத்து, வாத்தியம் வாசித்து, பேச்செல்லாம் பேசினார்கள். மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போது யுஸ்தினாக்கா வீட்டை விட்டு வெளியே வந்தாள். கையில் சுடச்சுடக் காப்பிப் பாத்திரம், காலில் வீட்டுச் செருப்பு. தோட்டத்துக்கு நடுவே, நேராக, பனியில் நடந்தாள். சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்தில் நிற்கக்கூட இல்லை. அறுபத்தாறு வயதில் அந்த இருநூறு அடியை முதல் தடவையாக நடந்தாள். திரும்பி வந்ததும் கடைக்குள் தலையை நீட்டினாள்.

"செவெரின், இனிமே என் மூஞ்சிய நீ படம் எடுக்க முடியாது. போதும். சாகுற வரைக்கும் எங்க அக்கா வீட்டுக்கு நான் ஒரு தாளும் எடுத்துட்டுப் போகமாட்டேன். ஷூவும் போடமாட்டேன்."

"நல்லதாப் போச்சு. உன் மூஞ்சியால எனக்கு என்ன பெரிய வருமானம்?"

பதினாறு வருஷம் அப்படியே நடந்தது. அவளுடைய அடையாள அட்டை இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் காலாவதியானது. அவள் கவலைப்படவில்லை. எங்கள் ஊரில் அவளை யார் என்று கேட்க ஆள் இல்லை. தினமும் காலையில் தோட்டத்துக்கு நடுவே அவள் போவாள், புல்லில் ஒரு தடம் விழுந்துவிட்டது. மழை பெய்தால் நெகிழிப் பையைச் செருப்புக்கு மேல் கட்டிக்கொள்வாள். எண்பத்திரண்டு வயதில் அவள் அந்தத் தடத்தில் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி இருக்கும். ஒரு வேகமும் இல்லை, ஒரு தயக்கமும் இல்லை.

பிறகு இருபத்து மூன்றாம் வருஷம் அக்டோபரில், உலகத்தில் எங்கோ நடக்கிற சண்டையைச் சொல்லி, எல்லையில் மறுபடி சோதனை என்று செய்தியில் வாசித்தார்கள். சாலையில்தானே நிற்பார்கள் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் தோட்டத்து முனையில் ஒரு நீல ஜீப் நின்றது. இத்தாலியின் தென்கோடியிலிருந்து வந்த ஓர் இளம் காவலன், தொப்பியைச் சரிசெய்துகொண்டு யுஸ்தினாக்காவுக்கு எதிரே வந்தான்.

"அம்மா, அடையாள அட்டை காட்டுங்க."

"எதுக்கு?"

"எல்லை தாண்டி வந்துட்டீங்க."

"தம்பி, என் காலைப் பாரு. இதை மாட்டிக்கிட்டு யாராவது வெளிநாடு போவாங்களா?"

அவன் குனிந்து செருப்பைப் பார்த்தானாம். சிரிப்பை அடக்கிக்கொண்டானாம். "உத்தரவும்மா. இன்னிக்குத் திரும்பிப் போயிடுங்க. நாளைக்கு அட்டையோட வாங்க, நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றானாம். நல்ல பையன்தான். அவள் கையில் புளித்த முட்டைக்கோஸும் பயறும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி இருந்தது. அப்படியே திரும்பி வந்து அதை என் மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"இந்தா, நீயே தின்னு."

"அக்கா, ஒரு அட்டை. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெருசு. ஏப்ரன் பையில போட்டா இருக்கிறதே தெரியாது. உக்காரு, ரெண்டு நிமிஷம், படம் எடுத்துத் தர்றேன்."

"மாட்டேன்."

"பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணாமா?"

"எனக்குப் பிடிவாதம்னு யாரு சொன்னா? எனக்குப் பயம்டா."

எதற்குப் பயம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கோபத்தில் கேட்கவில்லை. கஞ்சியை மட்டும் குடித்தேன். மூன்று வாரம் அவள் போகவில்லை. அக்காவும் தங்கையும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். அல்பினாவுக்குக் கால் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது, அவளால் வர முடியாது. "அவனை நான் வந்து கேக்குறேன்டி, யாரு பெத்த பிள்ளைன்னு" என்று அங்கிருந்து திட்டுவாளாம்.

நவம்பர் நடுவில் ஒரு காலையில் நான் கடைக் கதவைத் தூக்கும்போது யுஸ்தினாக்கா வெளியே நின்றுகொண்டிருந்தாள். தலையை வாரியிருந்தாள்.

"நேவா போன் பண்ணினா. நேத்து அக்காவுக்குத் தலையில ஏதோ ஆயிடுச்சாம். பேச்சு குழறுதாம். போனைக் காதுல வச்சா, யாரு இதுன்னு கேக்குறாளாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "படம் எடு."

"படம் அப்புறம். வேன்ல ஏறு. என் வண்டிய எவனும் நிறுத்தமாட்டான். அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்ப."

"வேணாம்."

"அக்கா, இது வீம்புக்கு நேரமில்ல."

"வீம்பில்லடா." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நிறுத்திட்டா? உன் வண்டிய நிறுத்தி, இந்தப் பொம்பளகிட்ட ஒண்ணும் இல்ல, திரும்பிப் போன்னு சொல்லிட்டா? அங்க அவ ஜன்னல்ல உக்காந்திருப்பா. நான் ஒரு தடவை சேத்துல நின்னு பாத்துட்டேன். நாலாவதை ஷூவுக்குச் செலவழிச்சுட்டு நின்னேன். இன்னொரு தடவை என்னால நிக்க முடியாது. தாளைக் கையில எடுத்தா மறுபடி எண்ணிக்கை வந்துடும்னுதான் இத்தனை நாள் பயந்தேன். போனா, யாரும் நிறுத்த முடியாத மாதிரி போகணும்."

அறுபது வருஷத்தில் அவள் அந்த ஷூவைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். பதினாறு வருஷமாக அவள் வெறும் கையோடு, செருப்புக் காலோடு போனதற்கு ஊரில் நாங்கள் எல்லோரும் ஒரு பெருமையைக் காரணமாக வைத்திருந்தோம். கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன், எங்கள் தொழிலில் அது ஒரு வசதி.

"நேராப் பாரு. வாயை மூடு. சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிறதுக்கு நான் என்ன பைத்தியமா?"

மனு கொடுத்து அட்டை தபாலில் வரப் பன்னிரண்டு நாள் என்றார்கள். பன்னிரண்டு நாளில் எண்பத்தைந்து வயது மூளைக்குள் என்னவெல்லாம் அழிந்துபோகலாம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் தபால்காரியின் ஸ்கூட்டர் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். காலை பத்து மணிக்குத் தோட்டத்து ஓரத்தில் போய் நின்று மேஜை விரிப்பை உதறினாள். அந்த நவம்பரில் பனி விலகவே இல்லை. வெள்ளைத் துணி வெள்ளைப் பனியில் ஏறி இறங்கும், கை தெரியாது. அந்தப் பக்கம் நேவா தன் அம்மாவின் நாற்காலியை ஜன்னலுக்கு நகர்த்திவிட்டு எனக்கு போன் செய்வாள். "ஜன்னலைத்தான் பாக்குறாங்க மாமா. எதைப் பாக்குறாங்கன்னுதான் தெரியல."

பதினொன்றாம் நாள் அட்டை வந்துவிட்டது. யுஸ்தினாக்கா அதைப் புரட்டிப் பார்த்து, "கிழவி" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும், கழுத்தில் துணியும், காலில் பழைய கறுப்பு ஷூவும் போட்டிருந்தாள்.

"ஷூ எதுக்கு? அந்தத் தடத்துல வழுக்கும்."

"தாளோட போறவ செருப்புல போவாளா? ஒழுங்காப் போகணும்டா."

நான் கடையைப் பூட்டிவிட்டு அவள் கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். தோட்டத்துக்கு நடுவே இருவரும் நடந்தோம். அறுத்து முடிந்த கொடிகளில் ஒன்றிரண்டு சிவப்பு இலைகள் மிச்சம். இந்த ஒரு மாதத்தில் அவள் தடத்தில் புல் கொஞ்சம் எழுந்திருந்தது. முனையில் அதே ஜீப், அதே காவலன். காகிதத்தில் சுற்றிய ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டி, போங்க போங்க என்றான்.

அவள் போகவில்லை. அவன் முன்னால் நின்று அட்டையை நீட்டினாள்.

"பாரு."

"தெரியும்மா உங்களை. செருப்பம்மாதானே. போங்க."

"நல்லாப் பாரு."

அவன் ரொட்டியை ஜீப்பின்மேல் வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினான். படத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாக, "நீங்கதான்" என்றான்.

நேவா நீலக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். அல்பினா ஜன்னலோரத்தில், மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். யுஸ்தினாக்கா அவசரத்தில் வாசலில் ஷூவைக் கழற்ற மறந்துவிட்டாள், இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் செய்யாத காரியம். மரத்தரையில் டக் டக்கென்று நடந்து போய் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா."

அல்பினா கோட்டைப் பார்த்தாள். கழுத்துத் துணியைப் பார்த்தாள். கறுப்பு ஷூவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகளிடம் குழறிக் குழறிக் கேட்டாள். "யாரு இந்தம்மா? நகராட்சியிலேருந்தா?"

"அக்கா, நான்தான். யுஸ்தி."

"என் தங்கச்சி வரல. அவளை விடமாட்டாங்க."

யுஸ்தினாக்கா செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோட்டுப் பைக்குள் துழாவி, அந்த அட்டையை எடுத்துத் தன் அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். காவலனிடம் நீட்டினாளே, அதே மாதிரி. "பாரு அக்கா. பேர் போட்டிருக்கு. நான்தான்." அல்பினா அதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "வயசான பொம்பள" என்றாள்.

நேவா அழ ஆரம்பித்தாள். நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். யுஸ்தினாக்கா அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, வாசலுக்குத் திரும்பி நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். பெஞ்சுக்கு அடியில் கையை விட்டாள். பச்சைச் செருப்பு இருந்தது, வைத்த இடத்தில் வைத்தபடி. மாட்டிக்கொண்டு எழுந்தாள். மறுபடி ஜன்னலை நோக்கி நடந்தாள், ஒரு கால் மெதுவாக, ஒரு கால் இழுத்து, அந்தத் தரையில் அறுபத்தேழு வருஷமாக நடக்கிற நடை.

அல்பினா வெளியே பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நடையின் சத்தம் பாதி தூரம் வந்தபோது அவள் தலை திரும்பியது. முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"யுஸ்தி. ஏன்டி இவ்வளவு நேரம்?"

"சாவடியில கூட்டம், அக்கா." அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை பாக்கி?"

"நாலும் பாக்கி இருக்கு, அக்கா. ஒண்ணுகூடச் செலவழிக்கல."